சரிவில் மண் கரைகிறதா? அறிகுறியைப் பார்த்து நாட்டுச் செடிகளால் நிறுத்தும் வழிமுறை

செங்குத்தான சரிவில் மண் போகத் தொடங்கியதும் எல்லோரும் கேட்பது, "என்ன செடி வைத்தால் நிற்கும்?" என்றுதான். கேள்வி சரிதான், ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டியது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக இறங்குகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். வேர் மண்ணைப் பிடிக்கும், இலை மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் மேலே இருக்கும் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே குழாய் வழியாகச் சரிவில் கொட்டினால், எந்தச் செடியும் அதன் எதிரே நிற்காது. "நட்டேன், பிழைக்கவில்லை" என்று சொல்லப்படும் பல இடங்களில் செடி மேல் தப்பே இருக்காது. தண்ணீரைப் பார்க்காமல் நட்டிருப்பார்கள்.

கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் போகிறேன். உங்கள் சரிவில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் விரிசல் பற்றிய முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். அது உயிர் சம்பந்தப்பட்டது.

நடுவதற்கு முன் மூன்று சோதனை

சரிவின் அளவு: ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையின் ஒரு முனையைச் சரிவில் ஊன்றி, ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடியுங்கள். அந்தரத்தில் நிற்கும் மறுமுனையிலிருந்து நேர்கீழே மண் வரை அளவெடுங்கள். 33 செ.மீ. வந்தால் சரிவு சுமார் 18 டிகிரி, 50 செ.மீ. என்றால் 27 டிகிரி, 100 செ.மீ. என்றால் 45 டிகிரி. 18 டிகிரிக்குள் மூடாக்கும் (வைக்கோல், புல் பரப்பி மண்ணை மூடுவது) சாதாரண நடவுமே பெரும்பாலும் போதும். 27-ஐத் தாண்டினால் மண்ணைப் பிடித்துவைக்கும் சணல் அல்லது தென்னை நார் வலை விரிக்காமல் விதை நிற்பது கஷ்டம். 45-க்கு மேல் செடியை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே கல்கட்டோ தடுப்போ சுமையைத் தாங்க வேண்டும், செடி அதற்குத் துணையாக இருக்கட்டும்.

அடுத்தது மழையில் பார்ப்பது. மழை பெய்யும்போது சரிவின் பக்கவாட்டில், பத்திரமான இடத்தில் நின்று பாருங்கள். கலங்கல் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் ஓட்டம் ஒன்றுசேர்கிறது, எங்கே வெளியேறுகிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வெயில் நாளில் எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் இது தெரியாது.

மூன்றாவது மண். நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்றை, கோலிக்குண்டு அளவில், கண்ணாடி டம்ளரில் மழைநீர் விட்டு மெதுவாகப் போடுங்கள். ஆட்டவோ கலக்கவோ கூடாது. கட்டி உதிர்ந்து அப்படியே அடியில் கிடந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போல ஒரு கலங்கல் படர்ந்தால் அது சோடியம் மிகுந்த, தானாகக் கரையும் களிமண். அதற்குத் தனி வழி இருக்கிறது, கீழே "பொந்து" என்ற பகுதியில் சொல்கிறேன்.

மேல் விளிம்பில் விரிசல், சாய்ந்த மரங்கள், புதிதாகக் கசியும் ஊற்று

இதற்குச் செடி மருந்தில்லை. சரிவின் உச்சியில் பிறை போல வளைந்த விரிசல், ஒரே பக்கம் சாயத் தொடங்கிய மரங்களும் கம்பங்களும், இதுவரை இல்லாத இடத்தில் கசியும் தண்ணீர், மேலே வீடு இருந்தால் திடீரென்று சிக்கிக்கொள்ளும் கதவு, ஜன்னல்: இவை எல்லாம் மேல்மண் அரிப்பின் அடையாளங்கள் இல்லை. ஆழத்தில் மண் மொத்தமாக நகர்கிறது என்று அர்த்தம்.

பெரும்பாலான செடிகளின் வேர்கள் மேலே உள்ள ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள்தான் இருக்கின்றன. நழுவும் தளம் அதற்கும் கீழே இருந்தால், வேரும் மண்ணும் சேர்ந்தே இறங்கிவிடும். கீழே இருப்பவர்களை விலக்குங்கள். மேலிருந்து வரும் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். விரிசலுக்குள் மழை இறங்காதபடி தார்ப்பாயால் தற்காலிகமாக மூடுங்கள். அப்புறம் மண்சரிவு தெரிந்த கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பொறியாளர் பார்த்து முடிக்கும்வரை நடவுக்காகக் குழி தோண்டக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு குழியும் தண்ணீர் உள்ளே இறங்கும் வழியாகிவிடும்.

கூழாங்கற்கள் மட்டும் எழும்பி நிற்கின்றன, செடிகளின் வேர்க்கழுத்து வெளியே தெரிகிறது

வாய்க்கால் எதுவும் வெட்டப்படவில்லை, ஆனாலும் மண்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. குனிந்து பார்த்தால் சின்னக் கற்கள் குட்டி மண்தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கும். கல் மூடிய இடத்தில் மண் தப்பித்தது, சுற்றியிருந்தது போய்விட்டது. இது மழைத்துளி அடித்துத் தெறிக்கவைப்பதால் வரும் அரிப்பு. பெரிய துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழும், வெறும் மண்ணில் அந்த அடி அப்படியே இறங்கும்.

கண்ணுக்கு எளிதில் படாது என்பதுதான் இதில் ஆபத்து. ஒரு ஹெக்டேரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் போனால்கூட அது 10 கன மீட்டர் மண், எடையில் ஏறக்குறைய 13 டன். அதுவும் சத்துள்ள மேல்மண்.

நல்ல செய்தி என்னவென்றால், எல்லா அறிகுறிகளிலும் எளிதாகச் சரியாவது இதுதான். மண் வெறுமையாக இருக்கக் கூடாது, அவ்வளவே. நீளநீளமான வைக்கோலையோ வெட்டிய புல்லையோ 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மேலே கயிற்று வலையால் பிடித்துவையுங்கள். மரச்சீவல் சரிவில் உருண்டு கீழே சேர்ந்துவிடும், அதனால் இங்கே ஒத்துவராது. மூடாக்கு மட்கும் முன் அதன் அடியில் தரையோடு படரும் நாட்டுப் புல் பிடித்துவிட வேண்டும். அருகம்புல் போலக் கணுவுக்குக் கணு வேர்விடும் வகைகளுக்கு முதலிடம் கொடுங்கள். ஒரு கணு பெயர்ந்தாலும் அடுத்த கணு பிடித்துக்கொள்ளும்.

விரல் அகலத்தில் வரிவரியாகக் கோடுகள்

தண்ணீர் பரவி ஓடாமல் ஒன்றுசேரத் தொடங்கிவிட்டது. இப்போதே கவனித்தால் ஒரு மண்வெட்டியும் கொஞ்சம் நாற்றும் போதும். விட்டால் இதே கோடுகள் ஓடையாகிவிடும்.

முதலில் கோடுகளை உடைத்து மூடி, சரிவின் முகத்தைக் குறுக்குவாட்டில் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பாக மட்டம் தட்டிய சரிவு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தண்ணீருக்கு அதைவிட வசதியான பாதை கிடையாது. இயந்திரம் வைத்து வேலை செய்தால் அதை மேலும் கீழுமாக ஓட்டச் சொல்லுங்கள். அதன் சங்கிலிப் பட்டைத் தடங்கள் அப்போதுதான் சரிவுக்குக் குறுக்கே சின்னச் சின்னப் படிகளாக விழும். குறுக்கே ஓட்டினால் தடம் நீளவாக்கில் விழுந்து, தண்ணீருக்கு வழி வெட்டிக் கொடுத்தது போலாகும்.

அடுத்து சம உயரக் கோடு, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் போகும் கோடு. இங்கே கண்ணை நம்பாதீர்கள். இரண்டு மீட்டர் நீளக் கழிகள் இரண்டை ஏ வடிவில் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை வைத்து, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். கால்கள் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, நூல் குறுக்குக் கட்டையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி அதே குறிகளில் வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். நூல் அந்தப் புள்ளியில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்து நடந்து, காலடியில் முளை அடித்துக்கொண்டே போனால் சம உயரக் கோடு கிடைத்துவிடும். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப்பாலும் இதைச் செய்யலாம்.

அந்தக் கோட்டில் நெருக்கமாக வளரும் குத்துப்புல்லை வரிசையாக நடுங்கள். வெட்டிவேர் இதற்குப் பேர்பெற்றது. 1980-களில் உலக வங்கியின் ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் இதை இந்தியாவில் மண் காக்கும் வேலியாகப் பரப்பிய பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. நல்ல மண்ணில் வேர் 3 மீட்டருக்கு மேலும் நேராக இறங்கும். இரண்டு மூன்று தூர்கள் சேர்ந்த நாற்றை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயர வித்தியாசம் இருக்கட்டும். வரிசையில் ஓட்டை விழக் கூடாது என்பது இதில் மிக முக்கியம். பத்து நாற்றில் ஒன்று செத்தாலும் மொத்தத் தண்ணீரும் அந்த இடைவெளியில் புகுந்து, வரிசையே இல்லாததைவிட மோசமாக வெட்டும். முதல் சில மழைகளுக்குப் பிறகு நடந்து பார்த்துச் செத்த இடத்தை நிரப்புங்கள்.

வெட்டிவேர் இந்தியத் துணைக்கண்டத்துப் புல், அங்கே நடுபவர்களுக்கு அது நாட்டுச் செடி. வேறு கண்டத்தில் இருப்பவர்கள் அந்த மண்ணின் குத்துப்புல்லைத் தேட வேண்டும். எதைத் தேடுவது என்று தெரியாவிட்டால், பக்கத்தில் யாரும் கை வைக்காத சரிவு ஒன்றுக்குப் போங்கள். உங்களுடையது எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அதே திசையைப் பார்த்ததாகவும், அதே மண்ணாகவும் இருக்க வேண்டும். கோடையிலும் பச்சையாக நிற்பது எது, வெட்டுமுகத்தில் வேர் தொங்குவது எது என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல செடிப்பட்டியல் கிடையாது.

ஒரே இடத்தில் பள்ளம், மழைக்கு மழை மேல்நோக்கி நீள்கிறது

இப்படி ஒரு பள்ளம் இருந்தால் மேலே கட்டாயம் ஒரு காரணம் இருக்கும்: கூரைக் குழாய், சாலை வளைவு, வழிந்தோடும் தொட்டி, ஆடு மாடோ ஆட்களோ நேராக ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதை. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தாலே 1,000 லிட்டர் தண்ணீர். 50 மி.மீ. கொட்டும் நாளில் 5,000 லிட்டர். அது ஒரு முனையில் வந்து விழுந்தால் பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

காரணத்தை நிறுத்தாமல் பள்ளத்துக்குள் செடி வைப்பது வீண் உழைப்பு. தண்ணீரைக் குழாயிலோ கல் பாவிய வாய்க்காலிலோ சரிவின் அடி வரை இறக்கி, விழும் இடத்தில் கற்களைப் பரப்புங்கள். பாதை காரணமென்றால் அதை வளைத்து வளைத்து ஏறும்படி மாற்றுங்கள்.

அதன்பிறகு பள்ளத்துக்குள் வேலை. இதற்கு உயிருள்ள போத்துகளை விடச் சிறந்தது எதுவும் இல்லை. வெட்டி ஊன்றினால் வேர்விடும் நாட்டு மரம், புதர்களிலிருந்து (நொச்சி, கிளுவை, பூவரசு போன்றவை) 60 முதல் 90 செ.மீ. நீளத்தில், 2 முதல் 4 செ.மீ. கனத்தில் குச்சி வெட்டுங்கள். அடிமுனையைச் சாய்வாகவும் நுனிமுனையைத் தட்டையாகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்று குழம்பாது. தலைகீழாக ஊன்றிய போத்து பிழைக்காது. கடப்பாரையால் துளையிட்டு, முக்கால் பாகம் உள்ளே போகும்படி இறக்கி, சுற்றிலும் மண்ணைக் கெட்டியாக இடியுங்கள். குச்சிக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இருந்தால் வேர்விடாமலே காய்ந்துவிடும். இரண்டு மூன்று கணுக்கள் வெளியே தெரிந்தால் போதும். பள்ளத்துக்குக் குறுக்கே இப்படி ஒரு வரிசை அடித்து, அதன் மேல்பக்கம் கிளைக்கட்டுகளை மண்ணோடு ஒட்டப் படுக்கவைத்துக் கட்டுங்கள். வண்டல் அங்கே தங்கும், அதில் வேர் ஓடும். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிப் போய்க் கரையை அறுக்கும்.

மேலே பச்சையாக இருக்கிறது, அடியில் மண் உதிர்கிறது

சரிவின் காலை எதுவோ அரிக்கிறது. ஓடையோ, சாலை வேலைக்காக அடியில் வெட்டியதோ, வாய்க்கால் தூர்வாரியவர்கள் கொஞ்சம் அதிகமாகச் சுரண்டியதோ இருக்கலாம். மேலே எவ்வளவு நட்டாலும் பயனில்லை, வேலையை அடியிலிருந்து தொடங்குங்கள். பெரிய கற்களை அடுக்கி, இடுக்குகளில் போத்துகளைச் செருகி, ஓடைக்கரை என்றால் நாணல் போன்ற ஈரம் தாங்கும் செடிகளைத் தண்ணீர் மட்டத்தை ஒட்டி நடுங்கள். அடி அசையாமல் ஒரு மழைக்காலம் நின்ற பிறகு மேலே போகலாம்.

சரிவில் பொந்து, உள்ளே குகை போல வழி, கீழே சேறு கக்குகிறது

எலி, நண்டு தோண்டிய வளையாக இருக்கலாம். அதை முதலில் பாருங்கள். ஆனால் டம்ளரில் பால் கலங்கல் தெரிந்திருந்தால், மண்ணே உள்ளுக்குள் கரைந்து ஓடுகிறது. இந்த மண்ணில் குழி தோண்டி மரக்கன்று வைப்பது நிலைமையை மோசமாக்கும். தண்ணீர் குழியில் தேங்கி, அங்கிருந்து புதுச் சுரங்கம் கிளம்பும். ஜிப்சம் கலந்தால் களித்துகள்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை முடிவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சுரங்கத்தை வெட்டித் திறந்து, ஜிப்சம் கலந்த மண்ணால் அடுக்கடுக்காக இடித்து மூடி, மேலே நல்ல மண் பரப்பி, குழி தோண்டாமல் புல்லை மட்டும் பரவலாக வளர்ப்பதே சரி.

நட்டவை சாகின்றன, விதைத்தவை சரிவின் அடியில் முளைக்கின்றன

விதை அடியில் முளைத்தால் அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை என்று அர்த்தம். மண்ணைக் கீறி, விதைத்து, லேசாக அழுத்தி, உடனே வலை விரிக்க வேண்டும். "நாளைக்கு விரிக்கலாம்" என்று விட்டால் இடையில் வரும் ஒரு மழை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

செடிகள் சாவதற்குக் காரணங்கள் பல, இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெட்டிய சரிவில் இருப்பது அடிமண், அதில் மட்கும் இல்லை, உயிரும் இல்லை. பெரிய கன்றை வாங்கி நட்டால் அதன் தேவையை அந்த மண்ணால் கொடுக்க முடியாது. சின்னக் கன்றுதான் பிழைக்கும். பையைக் கிழித்துப் பாருங்கள், வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் பிரித்துவிட்டு நடுங்கள். சுற்றிய வேர் சரிவில் நங்கூரமாகாது. தண்டு வானத்தை நோக்கி நேராக நிற்கட்டும், சரிவுக்குச் செங்குத்தாகச் சாய்த்து நடாதீர்கள். நடும் இடத்தைச் சின்னப் படியாக வெட்டி, உட்பக்கம் லேசாகச் சாய்த்து, கீழ்ப்பக்கம் பிறை வடிவில் ஒரு கையகல வரப்பு வையுங்கள். தண்ணீர் வேரில் தங்கும். நழுவும் பயமுள்ள களிமண் சரிவில் மட்டும் இந்தப் பிறை வரப்பு வேண்டாம். அங்கே தண்ணீரைத் தேக்குவதே ஆபத்து.

தண்ணீர் ஊற்றும் விதமும் கெடுக்கும். குழாயைத் திறந்துவிட்டால் முக்கால்வாசி கீழே ஓடிவிடும். கொஞ்சம் விட்டு, ஊறவிட்டு, மறுபடி கொஞ்சம் விடுங்கள். தினமும் மேலோட்டமாக நனைத்தால் வேர் மேலேயே தங்கிவிடும். செடி பிடித்த பிறகு இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பது நல்லது. யூரியாவை அள்ளிப் போடுவதும் இதே போலத்தான், இலை தழைக்கும், வேர் அந்த அளவுக்கு வளராது. நமக்கு வேண்டியது வேர்.

நடவுக் காலத்தைப் பற்றி ஒரே வரி: மழைக்காலத்தின் தொடக்கத்தில் நடுங்கள், முடிவில் நட்டால் வேர் இறங்கும் முன் வறட்சி வந்துவிடும். ஆடு மாடு வரும் இடமென்றால் நடுவதற்கு முன்னாலேயே வேலி.

மரங்கள் அடர்த்தியாக நிற்கின்றன, அடியில் மண் இன்னும் போகிறது

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உயரமான மரத்தின் இலைகளில் மழை சேர்ந்து பெருத்துச் சொட்டும் துளி, சாதாரண மழைத்துளியைவிடப் பெரியது. அடியில் சருகையும் பெருக்கி எடுத்துவிட்டால் அந்த அடி நேராக மண் மேல் விழும். சருகைத் தொடவே வேண்டாம். நிழல் தாங்கும் சிறு செடிகளையும் பெரணிகளையும் அடியில் கொண்டுவாருங்கள். வெட்டிவேர் நிழலில் மெலிந்துபோகும், இங்கே அதைப் போடாதீர்கள்.

ஒரே வகைச் செடி மட்டும் இருப்பதும் இதே சிக்கலைத் தரும். எல்லா வேரும் ஒரே ஆழத்தில் நிற்கும். புல், புதர், ஆங்காங்கே குட்டை மரம் என்று கலந்தால் வேர்கள் வெவ்வேறு ஆழத்தில் பின்னிக்கொள்ளும். தடித்த வேரைவிட மெல்லிய வேர் தன் பருமனுக்கு அதிக இழுவை தாங்கும், அதனால் கணக்கில்லாத சன்ன வேர்கள் கொண்ட புல்லையும் புதரையும் குறைவாக நினைக்காதீர்கள். மிகச் செங்குத்தான இடத்தில் ஓங்கி வளரும் மரம் காற்றில் ஆடி மண்ணைப் பெயர்க்கும். அதற்காக ஏற்கனவே நிற்கும் மரத்தை வேரோடு பிடுங்கவும் கூடாது. கிளையைக் கழித்துச் சுமையைக் குறையுங்கள்.

உண்ணிச்செடிதான் சரிவைப் பிடித்திருக்கிறது, எடுக்கலாமா?

எடுக்க வேண்டும், ஆனால் ஒரே நாளில் இல்லை. அந்நியச் செடி ஆனாலும் இப்போதைக்கு மண்ணைப் பிடித்திருப்பது அதன் வேர். மொத்தமாகப் பிடுங்கினால் மண் கிளறி, அடுத்த மழையில் இறங்கிவிடும். சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக, ஒன்று விட்டு ஒன்று, தரைமட்டத்தில் வெட்டுங்கள். வெட்டிய பட்டையில் நாட்டுச் செடி நட்டு, துளிர்க்கும் உண்ணியைத் திரும்பத் திரும்பக் கழியுங்கள். நட்டது கெட்டியாகப் பிடித்த பிறகு அடுத்த பட்டை. வெட்டிய வேர் சில வருடங்களில் மட்கிப் பிடியை இழக்கும், அதற்குள் புது வேர்கள் அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டும்.

வலை தூக்கிக்கொண்டு நிற்கிறது, அடியில் மண் ஓடுகிறது

வலை மண்ணோடு ஒட்டவில்லை. கல்லையும் கட்டியையும் எடுக்காமல் விரித்தால் கூடாரம் போட்டது போல இடைவெளி விழுந்து, தண்ணீர் அதற்குள் புகுந்துவிடும். கழற்றி, சமன்செய்து, மறுபடி விரியுங்கள். உச்சியில் 15 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, வலையின் விளிம்பை அதற்குள் புதைத்து இடிக்க வேண்டும். மேலிருந்து கீழாக உருட்டி விரித்து, துண்டுகள் சேரும் இடத்தில் மேல்துண்டு கீழ்த்துண்டின் மீது ஏறி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு வளைகம்பிகளாவது அடியுங்கள்.

பிளாஸ்டிக் வலை வேண்டவே வேண்டாம். பாம்பும் ஓணானும் அதில் சிக்கிச் சாகின்றன, துண்டுகள் மண்ணில் தங்கிவிடுகின்றன. சணல் வலை ஒன்றிரண்டு ஆண்டுகள்தான் தாங்கும், தென்னை நார் வலை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் நிற்கும். வலை இற்றுப்போகத் தொடங்கும் முன், செடிகளைக் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எளிதாகக் கையோடு வருகிற இடங்களில் வலை இருக்கும்போதே மறுநடவு செய்துவிடுங்கள்.